கல்லுக்கு மேடை கட்டியவர்

என் மச்சினனுடைய இடது கையைக் கெடுத்தது நீங்கள்தான். நான் கெடுக்கவில்லை. என் வண்டி கெடுக்கவில்லை. ஐப்பசி மழையும் கெடுக்கவில்லை. நீங்கள் கெடுத்தீர்கள்.

பெயரை எழுத மாட்டேன். கொல்லிமலையின் பைல் நாட்டில் எங்கள் ஓடைக்குத் தரைப்பாலம் போட கான்ட்ராக்ட் எடுத்தவர் யார் என்று கேட்டால், டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் எவனும் சொல்லிவிடுவான். ஆனால் இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஓடையும் தெரியாது, கல்லும் தெரியாது. அவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பொறுத்திருங்கள். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை.

கொல்லிமலையில் எங்கள் ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. வெயில் காலத்தில் செருப்பு நனையாமல் தாண்டலாம். மழை பிடித்துவிட்டால் மேலே இருக்கிற மலை முழுதும் அதில்தான் வந்து வடியும். பஸ், ஜீப், டீக்கடை எல்லாம் அந்தக் கரையில். வீடு, மிளகுக்கொடி, பலாமரம் எல்லாம் இந்தக் கரையில்.

ஓடையின் நடுவில், வண்டித் தடத்துக்குக் கொஞ்சம் கீழ்ப்புறமாக ஒரு கல் நிற்கிறது. ஒரு ஆள் குந்தி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். தண்ணீர் அதன் மடியை நனைத்தால், கடக்கிறவனுக்கு முழங்கால் ஆழம். நெஞ்சை நனைத்தால் தொடை ஆழம். கழுத்தை நனைத்தால் இடுப்பு. அப்புறம் மாடுகூட இறங்காது. கம்பு விட்டு ஆழம் பார்க்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. கரையில் நின்று கல்லைப் பார்ப்போம், முடிவெடுப்போம். ஆடிப் பதினெட்டுக்கு அதே கல்லுக்கு மஞ்சள் பூசித் தேங்காய் உடைப்போம். எங்களுக்கு அது சாமியும் ஆகும், அளவும் ஆகும்.

நான் ரிக் வண்டியில் வேலை செய்தவன். ரிக் என்றால் போர் போடுகிற லாரி. திருச்செங்கோட்டுக்காரருடையது. வருஷத்தில் பாதி வடக்கே எங்கேயாவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்போம். ஆயுத பூஜைக்கு வண்டிகளெல்லாம் ஊர் திரும்பும். அப்படித் திரும்பிய ஒரு வருஷம் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை வாங்கி, ஓடைக்கென்றே மாற்றினேன். சைலன்சரைத் திருப்பி சீட்டுக்குப் பக்கவாட்டில் மேலே தூக்கிவிட்டேன். பின்னால் உட்காருகிறவன் தொடை வேகாமல் இருக்க அதில் சாக்குச் சுற்றியிருக்கும். காற்று இழுக்கிற இடத்தை அடைத்து, ரிக்கில் கழித்துப்போட்ட ரப்பர் ஹோஸை மாட்டி, அதன் வாயை ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கட்டினேன். பிளக்குக்கு மேல் கிரீஸ், அதன் மேல் டிராக்டர் ட்யூப் ரப்பர். பின்சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம், கட்டை கட்டையாகப் பிடிப்புள்ள டயர். தண்ணீரில் உடம்பு முங்கி மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு போவதால் ஊரில் அதை எருமை என்றார்கள். நல்ல பெயர். நான் வடக்கே போயிருக்கும்போது மச்சினன்தான் அதை ஓட்டுவான். ஓடை நிறைந்த நாளில் ரேஷன் அரிசியும் காய்ச்சல்காரரும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும் எருமை மேல்தான் அக்கரை போனார்கள்.

நீங்களும் போனீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள். தொண்ணூற்றேழு. அப்போது நீங்கள் கான்ட்ராக்டர் இல்லை, பலா வியாபாரி. மரத்தைப் பார்த்து விலை பேச மேலே வந்திருந்தீர்கள். மழை பிடித்துக்கொண்டது. அன்று சாயங்காலம் மலையடிவாரத்துக் காரவள்ளியில் உங்கள் மகளுக்கு நிச்சயம்.

கரையில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லைத்தான் முதலில் பார்த்தீர்கள். "நெஞ்சுல நிக்குதே கண்ணு. எருமை போகுமா?" என்றீர்கள். போகும், ஆனால் நெஞ்சுத் தண்ணீரில் நான் தனியாகத்தான் போவேன், ஆளை ஏற்றமாட்டேன் என்றேன். பொண்ணு நிச்சயத்தில் அப்பன் இல்லை என்றால் ஊர் என்ன பேசும் என்று கெஞ்சினீர்கள். மச்சினன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே, "ஏத்திக்கோங்க மாமா. கனமா இருக்காரு, வண்டி மெதக்காது" என்றான். நீங்களும் சிரித்தீர்கள். ஏறி, என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டீர்கள். விலா எலும்பு நொறுங்கிவிடும் போல இருந்தது. நடு ஓடையில் தண்ணீர் தொடையில் அடித்தபோது நீங்கள் கண்ணை மூடவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இன்னும் நெஞ்சுதான், இன்னும் நெஞ்சுதான்" என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

அக்கரை ஏறி இறங்கியதும் கல்லைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என்னிடம் ஒன்று சொன்னீர்கள். "கல்லு சொல்றதுதாங் கண்ணு கணக்கு. மத்ததெல்லாம் நம்ம திமிரு."

அதை எழுதத்தான் இத்தனையும் எழுதுகிறேன். கல் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கும் தெரியும்.

அதற்கப்புறம் நீங்கள் வியாபாரத்தை விட்டு கான்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தீர்கள். எங்கள் ஓடைக்குத் தரைப்பாலம் வந்தது. வேலை நடந்த கோடையில் நான் வடக்கே இருந்தேன். நடந்ததை என் மனைவி எல்லாம் முடிந்த பிறகு சொல்லித்தான் தெரியும். அஸ்திவாரம் தோண்டக் கல் இடைஞ்சலாக இருந்திருக்கிறது. சங்கிலி போட்டு அதைத் தூக்கிக் கரையில் வைத்திருக்கிறீர்கள். சாமியை எப்படித் தூக்கலாம் என்று ஊரே வந்து நின்று சத்தம் போட்டிருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்குள் இருந்த இடத்திலேயே வைத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தீர்கள்.

வைத்தீர்கள். இருந்த இடத்திலேயே வைத்தீர்கள். ஆனால் அடியில் ஒரு முழ உயரத்துக்கு சிமென்ட் மேடை கட்டி, அதன் மேல் வைத்தீர்கள். சேற்றில் கிடந்த சாமிக்கு மேடை கட்டிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னீர்களாம். பெண்கள் குலவை போட்டார்களாம். என் மனைவியும் போட்டவள்தான். உங்களுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள்.

அப்புறம் பாலம் அஸ்திவாரத்தோடு நின்றது. ஏன் நின்றது என்று நான் கேட்கவில்லை. அது வேறு சண்டை.

ஊரார் கண்ணெதிரில்தான் மேடை கட்டப்பட்டது. ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி உயர்ந்தது என்று பார்த்தார்கள், அளவு உயர்ந்தது என்று பார்க்கவில்லை. கும்பிடுகிற கண் வேறு, ஆழம் பார்க்கிற கண் வேறு போலிருக்கிறது. அந்த ஆவணியும் புரட்டாசியும் மழை இல்லாமல் போனதால் கல்லைப் பார்த்துக் கடக்க வேண்டிய நாளே வரவில்லை. சரி, அவர்கள் காட்டில் மிளகு பறிக்கிறவர்கள். நீங்கள் ட்யூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிறவர். உங்கள் தொழிலே மட்டம் பார்ப்பது. உங்களுக்குமா தோன்றவில்லை?

அந்த ஐப்பசியில் நான் ஊர் திரும்பினேன். முதல் மழை அன்றுதான் ஆரம்பித்திருந்தது. முழங்காலுக்குக் கலங்கல் தண்ணீர். தலையில் பெட்டி. தலையில் சுமையோடு தண்ணீரில் நடக்கிறவன் கல்லைப் பார்க்க மாட்டான், காலைத்தான் பார்ப்பான். மேடை தண்ணீருக்குள் இருந்தது. நான் பார்க்கவில்லை. மறுநாளும் மழை விடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் வெளுத்தது. மச்சினன் வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடியின் மேல் சாய்ந்துவிட்ட ஒரு கிளையை வெட்டப் போனான். ஈர மரம். அரிவாள் வழுக்கி இடது மணிக்கட்டின் உள்பக்கம் இறங்கிவிட்டது. அவன் கத்தவில்லை. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்து வாசலில் நின்று, "அக்கா, ஒரு துணி குடு" என்றான். சட்டை முன்பக்கம் முழுதும் ரத்தம். என் மனைவி அவன் தலைத்துண்டை அவிழ்த்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். ரத்தம் சொட்டாகக் குறைந்தது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. மடக்கு என்றேன். மடக்கிட்டுத்தானே இருக்கேன் என்றான். விரல்கள் அப்படியே இருந்தன.

நரம்பு போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ரிக்கில் ஒருவனுக்கு இப்படி ஆகிப் பார்த்திருக்கிறேன். அன்றே கொண்டுபோய்த் தைத்ததால் அவன் கை பிழைத்தது. தாமதித்தால் கை இருக்கும், வேலைக்கு ஆகாது. மிளகு பறிக்கிறவன் ஒற்றை மூங்கில் ஏணியில் நிற்பான். ஒரு கை மூங்கிலைப் பிடிக்கும், ஒரு கை பறிக்கும். ஒரு கையோடு அந்த வேலை கிடையாது. அவனுக்கு வேறு வேலை தெரியாது.

ஓடைக்கு வந்தோம். அந்தக் கரையில் ஜீப் நின்றது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியை நாமக்கல் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். தண்ணீர் செம்மண்ணாக ஓடிக்கொண்டிருந்தது. மேலே பாறை வழியாகச் சுற்றிப் போனால் சாயங்காலம் ஆகிவிடும்.

மூன்று பேரும் கல்லைப் பார்த்தோம். மடி நனைந்திருந்தது. நெஞ்சு காய்ந்து கிடந்தது. ஆடியில் பூசிய மஞ்சள்கூட அங்கங்கே ஒட்டியிருந்தது.

"மடிதானுங்களே?" என்றாள் என் மனைவி.

"மடிதான்" என்றேன்.

"தண்ணி சத்தம் பெருசா இருக்குதுங்." அவள் என்னைப் பார்க்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கும் சத்தம் காதில் விழுந்தது. மடித் தண்ணீர் இப்படி இரையாது. ஆனால் கல் மடி என்கிறது. காது சொல்வதையா கேட்பது, கல் சொல்வதையா? எங்கள் ஊரில் பிறந்தவன் எவனாக இருந்தாலும் கல்லைத்தான் கேட்பான்.

மச்சினன் அதற்குள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். "மடித் தண்ணிக்கே நின்னு யோசிக்கிறீங்க. வடக்க போயி நீங்க தண்ணியவே மறந்துட்டீங்களாட்ட இருக்குது" என்றான். உதடு வெளுத்திருந்தது. கேலி பண்ணுகிற உதடு இல்லை அது. வலது கையால் என் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இடது கையை என் முதுகுக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டான். அதன் சூடு என் சட்டை வழியாகத் தெரிந்தது.

முதல் கியர், பாதி கிளட்ச். ஆக்சிலேட்டரைக் குறைக்கவே கூடாது, குறைத்தால் எஞ்சின் தண்ணீர் குடித்துவிடும். இறங்கியதும் முழங்காலுக்கு வந்தது. சரி, மடித் தண்ணீர் முழங்கால்தான். ஆனால் அது கரையோரம். கரையோரத்தில் முழங்கால் வரக் கூடாது. அது எனக்கு உறைத்தபோது வண்டி நாலு ஆள் நீளம் உள்ளே போயிருந்தது. திருப்ப முடியாது. ஓடையில் வண்டியைக் குறுக்கே திருப்பினால் அடித்துக்கொண்டு போய்விடும். நேராகத்தான் போக வேண்டும்.

தொடைக்கு வந்தது. டேங்க்கை மூடியது. எஞ்சின் சத்தம் மாறி, தண்ணீருக்கு அடியிலிருந்து உறுமியது. நான் கல்லைப் பார்த்தேன். மடிதான் காட்டியது.

"மாமா, இது மடி இல்ல" என்றான் மச்சினன். என் காதுக்குப் பக்கத்தில், மெதுவாக.

எருமைக்கு மூச்சு அடைக்கவில்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். ஹோஸின் வாய் தண்ணீருக்கு மேலேதான் இருந்தது, எஞ்சின் கடைசி வரைக்கும் ஓடியது. கால்தான் போனது. முன்சக்கரம் தரையை விட்டது. தண்ணீர் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி, கீழே தட்டாமல் அப்படியே மிதக்க வைத்தது. பிறகு கவிழ்த்தது.

நான் வண்டியை விட்டுவிட்டேன். பெல்ட்டை அவன் விடவில்லை. இரண்டு பேரும் புரண்டு போய்க் கல்லின் மேல் மோதினோம். கல்லை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அவனுக்கு ஒரு கை என் பெல்ட்டில். தண்ணீர் அவனைக் கீழே இழுத்தது. வேறு வழியில்லாமல், விரல் மடங்காத அந்தக் கையைக் கல்லின் மறுபக்கமாகக் கொடுத்து முழங்கையால் வளைத்துப் பிடித்தான். அப்போதுதான் கத்தினான். கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து, தண்ணீரோடு போனது. நான் அதைப் பார்த்தேன். பிடிக்கக் கை இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் காலுக்குப் பிடி கிடைத்து நிமிர்ந்தான். எனக்கும் கிடைத்தது. வழுவழுப்பாக, சமமாக, ஓரம் கட்டிய தரை.

"மாமா, அடியில மேடை இருக்குது" என்றான்.

ஓடைக்குள் மேடையா என்று கேட்டேன்.

"கான்ட்ராக்டர் கட்டுனதுங்க. சாமிக்கு." அவ்வளவுதான் சொன்னான். ஒரு முழ மேடை. கல் மடி என்று காட்டிய இடத்தில் உண்மையில் கழுத்து. மாடுகூட இறங்காத தண்ணீரில் காயம்பட்ட ஒருவனை ஏற்றிக்கொண்டு நான் இறங்கியிருக்கிறேன், கல்லைக் கேட்டுக்கொண்டு.

ஜீப் டிரைவர் கயிறு எறிந்தார். எட்டவில்லை. இந்தக் கரையில் ஊரார் ஓடிப்போய்க் கிணற்றுக் கயிறுகளைக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று முடிந்து எறிந்து எங்களைக் கரையேற்றினார்கள். அதற்குள் எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அவன் கைக்கு மேலே நான் என் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் விரல் மரத்து, பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியாமல் போனது. காயத்துக்குள் செம்மண் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தக் கரையில் என் மனைவி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவளும் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அப்புறம் அவள் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசியதில்லை.

மேலே பாறை வழியாகச் சுற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர மறுநாள் விடிந்துவிட்டது. உயிரைக் காப்பாற்றினார்கள். கை சீழ் வைத்தது. திறந்து, கழுவி, தைத்து, மறுபடி திறந்தார்கள். சேறு படாமல் அன்றே வந்திருந்தால் நரம்பை இணைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். விரல்கள் இன்றைக்கும் பாதி மூடிய மாதிரியே இருக்கின்றன. திறக்கவும் வராது, மூடவும் வராது. அவன் ஏணி ஏறுவதில்லை.

நீங்கள் பார்க்க வந்தீர்கள். பழப்பையோடு வந்தீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "சாமிக்குக் கட்டுன மேடைதாங் கண்ணு உங்களக் காப்பாத்துச்சு" என்றீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கே இருந்திருந்தால் அடித்திருப்பேன். மச்சினன் மட்டும், "ஆமாங்க" என்றானாம்.

ஆக, அன்றைக்கு மேடை இருந்தது. நீங்களே சொன்னீர்கள். அதைக் கட்டிய பெருமையும் உங்களுடையது.

நாங்கள் ஊர் திரும்பியபோது மேடை இல்லை. தண்ணீர் வடிந்த உடனே ஆள் விட்டு உடைத்து, கல்லைப் பழையபடி தரையில் நிறுத்தியிருந்தீர்கள். உடைத்த துண்டுகள்கூட அங்கே இல்லை. நான் ஊர்க்கூட்டத்தைக் கூட்டினேன். நீங்கள் வந்தீர்கள். மேடையை வெள்ளம் பெயர்த்துவிட்டது என்றீர்கள். சரி, அது எவ்வளவு உயரம் என்று கேட்டேன். ஒரு சாண்கூட இருக்காது, சும்மா கல்லுக்கு அடியில் கொஞ்சம் கலவை என்றீர்கள். பிறகு என்னைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்: "குடிச்சுட்டு ஓட்டுனா கல்லு என்னங்க பண்ணும்?"

சிலர் சிரித்தார்கள். குலவை போட்ட ஊர். மேடையின் உயரம் எவ்வளவு என்று கேட்டால், நாமும் பார்த்துக்கொண்டுதானே நின்றோம் என்று ஆகிவிடும். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. ரிக்கில் வேலை செய்கிறவன், சம்பாதித்து வந்தவன், குடித்திருப்பான் என்றால் நம்புவதற்குச் சுலபம். அன்று காலையில் நான் குடித்தது என் மனைவி போட்டுக் கொடுத்த வரக்காப்பி மட்டும்.

அப்போதிலிருந்து மச்சினனின் கைக்குக் காரணம் நான். டீக்கடையில் அப்படித்தான் பேசுவார்கள். மாமன் திமிரில் மச்சினன் கை போச்சு. அவன் காதுபடவே பேசுவார்கள். அவன் மறுத்துச் சொல்வான். கேட்க மாட்டார்கள். எருமையை மீட்டு வந்து தொழுவத்தில் நிறுத்தினேன். ஒரு நாள் சைலன்சரைக் கழற்றினேன், ஹோஸை அறுத்தேன், மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

இப்போது பாலம் வந்துவிட்டது. வேறு யாரோ முடித்தார்கள். ஆனாலும் முதலில் அஸ்திவாரம் போட்டவர் என்று ஆடிப் பதினெட்டுக்கு உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். பாலத்துக்குக் கீழே கல் நிற்கிறது. உங்கள் தலையில் பரிவட்டம் கட்டி, முதல் மஞ்சளை உங்கள் கையால் பூச வைக்கிறார்கள். வருஷா வருஷம் நான் பாலத்தின் மேல் நின்று பார்க்கிறேன்.

போன மாசம் ஓடை வற்றிக் கிடந்தது. நானும் மச்சினனும் கீழே இறங்கினோம். கல் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. மேற்குப் பக்கம் அடியில் கை நுழையும். அவன் வலது கையை விட்டுப் பார்த்தான். அப்புறம் என் கையைப் பிடித்து உள்ளே வைத்தான். சிமென்ட். அடி முழுதும் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு செங்கல் பாதி பதிந்திருக்கிறது, செங்கல்லுக்கு அடியில் இன்னொரு செங்கல்லின் தடம். சாமிக்கு அடியில் வைத்த கொஞ்சம் கலவையில் செங்கல் அடுக்கு எதற்கு? உங்கள் ஆள் மேடையை உடைத்தான், கல்லின் அடியைச் சுத்தம் செய்யவில்லை. சாமியைப் புரட்டிச் சுரண்டப் பயந்திருப்பான்.

ஆகவே இதைக் கேட்கிறேன். ஆடிப் பதினெட்டு வருகிறது. கூட்டம் இரண்டு கரையிலும் நிற்கும். உங்களுக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். மஞ்சள் தொடுவதற்கு முன்னால் நீங்கள் குனிந்து, கல்லின் மேற்குப் பக்கம் அடியில் கையை விடுங்கள். என் மச்சினன் பக்கத்தில் நிற்பான். விட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்லுங்கள்: அந்த மேடை எத்தனை உயரம்? கல் சொல்வதுதான் கணக்கு என்று தெரிந்த நீங்கள், அந்தக் கணக்கைத் தூக்கி வைத்தபோது ஒருவரிடமாவது ஏன் சொல்லவில்லை?

ஊர் கேட்க, பதில் சொல்லுங்கள்.